புவியீர்ப்பு மாதிரியில் எத்தனை சென்டிமீட்டரை நம்பலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் நீர்ப்பரப்பு ஒரு பெரும் பள்ளமாகக் கிடக்கிறது. துருவங்களில் சற்றே தட்டையான ஒரு கணித உருண்டையைப் பூமிக்குப் பொருத்தி வைத்தால், அங்கே கடல் அந்த உருண்டைக்குச் சுமார் 106 மீட்டர் கீழே நிற்கும். காற்றும் நீரோட்டமும் செய்த வேலையல்ல இது. அந்தப் பகுதியில் ஈர்ப்பு குறைவு. அந்தப் பள்ளத்தின் சரிவு தமிழ்நாடு வரை ஏறி வருகிறது. அதனால்தான் சென்னைக் கடற்கரையில் நின்று ஜி.பி.எஸ். கருவியின் திருத்தப்படாத உயரத்தைப் பார்த்தால் எண்பது மீட்டருக்கும் அதிகமாகக் கழித்தல் குறியோடு வரும். அதைக் கடல்மட்ட உயரமாக மாற்றித் தருவது, கருவிக்குள் இருக்கும் ஒரு புவியீர்ப்பு மாதிரி.

இந்த மாதிரி தரும் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். அலையும் ஓதமும் ஓட்டமும் இல்லாமல் கடல்நீர் அடங்கி நின்றால் அமையும் பரப்பு அது. கணக்கில் அதை நிலத்துக்கு அடியிலும் நீட்டிக்கொள்கிறோம். ஜியாய்டு இங்கே இத்தனை மீட்டர் என்று மாதிரி சொன்னால், கூடவே பிளஸ் மைனஸ் இத்தனை சென்டிமீட்டர் என்றும் சொல்லும். இன்றைய பேச்சு அந்த இரண்டாவது எண்ணைப் பற்றியது. அது எப்படிப் பிறக்கிறது, ஏன் பெரும்பாலும் உண்மையைவிடச் சிறியதாகவே பிறக்கிறது என்று பார்ப்போம்.

ஈர்ப்பு மாதிரி என்பது உண்மையில் எண்களின் பட்டியல். உலக உருண்டையின் மேல் பல அளவுகளில் அலைகளைப் பரப்பி, ஒவ்வோர் அலைக்கும் எவ்வளவு உயரம் கொடுக்க வேண்டும் என்று குறிப்பவை அந்த எண்கள், குணகங்கள் என்கிறோம். அலையின் நுணுக்கத்தைச் சொல்வது டிகிரி. 20,000 கிலோமீட்டரை டிகிரியால் வகுத்தால், அந்த மாதிரி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய மேடுபள்ளத்தின் அகலம் வரும். டிகிரி 200 என்றால் 100 கிலோமீட்டர். 2160 என்றால் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உள்ள பன்னாட்டு மாதிரிக் காப்பகத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கிப் பார்த்தால், ஒவ்வொரு குணகத்துக்கும் பக்கத்தில் அதன் திட்டவிலக்கமும், அதாவது அது எவ்வளவு பிசகியிருக்கலாம் என்ற அளவும், அச்சாகியிருக்கும். கோப்பின் தலைப்பகுதியில் ஒரு வரி, அந்தத் திட்டவிலக்கங்கள் கணக்கிலிருந்து நேரே வந்தவையா, வெளி ஆதாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியவையா என்று சொல்லும். பலர் அந்த வரியைப் படிக்காமலே கீழே போய்விடுகிறார்கள்.

கணக்கிலிருந்து நேரே வருவது எப்படி? லட்சக்கணக்கான அளவீடுகளை மீச்சிறு வர்க்க முறையில், அதாவது மிஞ்சும் வேறுபாடுகளின் வர்க்கத் தொகை மிகக் குறையும்படி, பொருத்துகிறோம். ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஓர் எடை கொடுக்கிறோம்: இரைச்சல் குறைந்த அளவீட்டுக்கு அதிக எடை, கூடியதற்குக் குறைந்த எடை. அந்தப் பொருத்தத்துக்கான இயல்சமன்பாடுகளை அமைத்து, அந்த அணியின் நேர்மாறை எடுத்தால் குணகங்களின் பிழை அணி கிடைக்கிறது. அதன் மூலைவிட்டத்தில் இருப்பவற்றின் வர்க்கமூலம்தான் கோப்பில் அச்சாகும் திட்டவிலக்கம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேர்மாறு எடுக்கும் அந்த அணியில் அளவீடுகளின் மதிப்பு எங்கும் நுழைவதில்லை. அளக்கும் செயற்கைக்கோள் எந்தப் பாதையில் பறந்தது, எத்தனை அளவீடு, நாம் எவ்வளவு இரைச்சல் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தோம் என்பவை மட்டுமே நுழைகின்றன. பொருத்தியபின் மிஞ்சும் எச்சங்களைக் கொண்டு ஒட்டுமொத்தமாக ஒரு பெருக்கெண்ணைத் திருத்தலாம். ஆனால் எல்லாக் குணகங்களையும் அது ஒரே அளவுக்குத்தான் உயர்த்தும் அல்லது தாழ்த்தும். எந்தக் குணகம் மோசம், எது நல்லது என்று அதற்குத் தெரியாது.

முதல் பெரிய சறுக்கல் இந்த இரைச்சல் அனுமானத்தில்தான். பூமியின் ஈர்ப்பை அளக்க 2002 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட கிரேஸ் என்ற செயற்கைக்கோள் இணையை எடுத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்த இரு கோள்கள். இடைவெளி மாறுவதை மைக்ரோ அலையால் மைக்ரான் அளவில் அளந்தன. 5 விநாடிக்கு ஓர் அளவு என்று கொண்டால் ஒரு நாளைக்கு 17,280 அளவுகள். எல்லாமே ஒன்றையொன்று சாராதவை என்று எழுதிவிட்டால், சராசரியின் பிழை 17,280-இன் வர்க்கமூலத்தால் குறையும். ஆனால் பொருத்தியபின் மிஞ்சும் எச்சங்களைப் பார்த்தால் அடுத்தடுத்தவை ஒட்டிக்கொண்டே போகும். பக்கத்துப் பக்கத்து எச்சங்களின் ஒட்டுறவு 0.9 என்று வைத்துக்கொண்டால், அந்த 17,280 அளவுகளில் சுயமாகத் தகவல் சொல்பவை ஏறத்தாழ 910 மட்டுமே. பிழை எண் நான்கு மடங்குக்கும் மேல் கூட வேண்டும். கருவியில் ஒன்றும் மாறவில்லை, தரவில் ஒன்றும் மாறவில்லை. கணக்கில் எழுதிய ஓர் அனுமானத்தால் மட்டும் இந்த வித்தியாசம்.

இதற்கு மருந்து தெரிந்ததுதான். முதலில் வெள்ளை இரைச்சல், அதாவது ஒன்றையொன்று சாராத இரைச்சல், என்று வைத்து ஒரு தீர்வு எடுக்க வேண்டும். எச்சங்களை எடுத்து, எத்தனை விநாடி தள்ளினால் ஒட்டுறவு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அதிலிருந்து இரைச்சலின் உடன்மாறுபாட்டு அணியை, அதாவது எது எதோடு சேர்ந்து எவ்வளவு மாறும் என்ற அட்டவணையை, கட்டி மறுபடி தீர்க்க வேண்டும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் தங்கள் மாத மாதிரிகளை இப்படித்தான் கட்டுகிறார்கள். நேரடிப் பிழை எண்ணே உண்மைக்கு அருகில் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் எச்சத்தில் தெரியாத பிழையும் இருக்கிறது. கிரேஸ் மாத மாதிரி கட்டும்போது ஓதம், காற்றழுத்தம், கடலின் குறுகிய கால அசைவு ஆகியவற்றை வேறு மாதிரிகளிலிருந்து எடுத்து முதலிலேயே கழித்துவிடுகிறோம். அந்த மாதிரிகளின் தவறு ஒரு மாதத்துக்குள் சராசரியாகி மறைவதில்லை. அரைநாள் சூரிய ஓதத்தில் இருக்கும் தவறு கிரேஸ் பாதையில் 161 நாள் சுழற்சியாக வேடம் மாறி வரும். பருவமழை நீரால் ஈர்ப்பில் தெரியும் மாற்றத்தின் சைகைக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். கோள்கள் ஏறத்தாழத் துருவம் வழியாகப் போவதால் வடக்கு தெற்கில்தான் அளக்கின்றன. கிழக்கு மேற்கில் தகவல் மெலிது. அதனால் பிழை வரைபடத்தில் வடக்கு தெற்கான கோடுகளாக விழுகிறது. மாதக் குணகங்களின் திட்டவிலக்கத்தை மட்டும் வைத்து ஒரு வரைபடம் போட்டால் இந்தக் கோடுகளின் வலிமையைக் கண்டுகொள்ளவே முடியாது. அது குணகங்களுக்கு இடையேயான ஒட்டுறவில் ஒளிந்திருக்கிறது.

கருவிக் கோளாறும் உண்டு. 2018 மே மாதம் ஏவப்பட்ட கிரேஸ் தொடர்ச்சித் திட்டத்தில், ஒரு கோளின் முடுக்கமானி ஏவிய கொஞ்ச காலத்திலேயே தரம் குறைந்துவிட்டது. காற்றின் இழுப்பையும் சூரிய ஒளியின் அழுத்தத்தையும் ஈர்ப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கருவிதான். வேறு வழியில்லாமல், மற்றக் கோள் அளந்ததை, இரண்டும் ஒரே இடத்தைக் கடக்கும் ஏறத்தாழ அரை நிமிட இடைவெளிக்கு நகர்த்தி, உந்துகருவிகள் இயங்கிய நேரங்களுக்குத் தனியே திருத்தம் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் இப்போது இரு கோள்களின் முடுக்கப் பிழையும் ஒன்றுக்கொன்று சொந்தம். இரண்டையும் தனித்தனி என்று எழுதினால் பிழை எண் மறுபடி பொய் சொல்லும்.

அடுத்தது உயரம். ஈர்ப்பின் நுணுக்கமான மேடுபள்ளம் உயரே போகப்போக வேகமாக மங்கும். 480 கிலோமீட்டர் உயரத்தில் டிகிரி 60-இன் சைகை தரையில் இருப்பதில் 84-இல் ஒரு பங்கு. டிகிரி 120-இல் ஆறாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. தரைக்கு இறக்கிக் கணக்கிடும்போது சைகையோடு இரைச்சலும் அதே மடங்கில் பெருகும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2009-இல் ஏவிய கோசே கோளை 255 கிலோமீட்டருக்கு இறக்கிப் பறக்கவிட்டதே இதனால்தான். அந்த உயரத்தில் காற்றின் இழுப்பு கடுமை. அயனி உந்துகருவியால் அதை ஈடுகட்டிக்கொண்டே 2013 வரை ஓட்டினார்கள். 100 கிலோமீட்டர் நுணுக்கத்தில் ஜியாய்டை 1 முதல் 2 சென்டிமீட்டருக்குள் அறிவது இலக்கு.

இரைச்சல் பெருகி, சைகையை மூழ்கடிக்கும் டிகிரியில் கணக்கு சிதறிவிடும். அதைக் கட்டிப்போட, 1960-களில் வில்லியம் கௌலா தந்த விதியைச் சேர்ப்பது வழக்கம்: லட்சத்தில் ஒரு பங்கை டிகிரியின் வர்க்கத்தால் வகுத்தால், அந்த டிகிரியில் ஒரு குணகம் சராசரியாக எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பது வரும். குணகங்கள் பூஜ்யம், அதைச் சுற்றி இவ்வளவு பரவல் என்று ஒரு போலி அளவீடாக இதைக் கொடுக்கிறோம். தீர்வு அடங்கிவிடும். ஆனால் இதற்கு விலை உண்டு. உயர் டிகிரிகளில் குணகம் பூஜ்யத்தை நோக்கி இழுக்கப்பட்டிருக்கும்; திட்டவிலக்கமோ கௌலா எண்ணைத் தாண்டவே தாண்டாது. அங்கே அச்சாகியிருக்கும் திட்டவிலக்கம் கோள் அளந்ததிலிருந்து வந்ததல்ல. நாமே உள்ளே போட்ட எண்தான் வெளியே வருகிறது. ஒரு மாதிரியின் பிழை வளைகோடு கௌலா கோட்டைத் தொட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தால், அந்த டிகிரிக்கு மேல் அதில் தகவல் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கோசேக்கு இன்னொரு சிக்கல். அதன் பாதை சரியாகத் துருவத்தின் மேல் போகவில்லை. வடக்கிலும் தெற்கிலும் 6.7 பாகை ஆரத்தில் அளக்காத வட்டம் விட்டுவிட்டது. அதனால் ஒவ்வொரு டிகிரியிலும், தீர்க்கரேகைத் திசையில் மிகக் குறைவாக மாறும் சில குணகங்கள் மட்டும் மிக மோசமாகும். தீர்க்கரேகைத் திசையில் அலை எத்தனை முறை மாறுகிறது என்பதை வரிசை என்கிறோம்; டிகிரி 200-இல் முதல் இருபத்துமூன்று வரிசைகள் வரை இந்தப் பாதிப்பு உண்டு. டிகிரிவாரியாகப் பிழையைச் சராசரி செய்தால் இந்தச் சில குணகங்கள் முழு டிகிரியையும் கெடுத்துக் காட்டும். சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை எடுத்தால், துருவத்தைத் தவிர்த்த உலகத்துக்கு நியாயமான எண் கிடைக்கும்.

இனித் தரைக்கு இறங்குவோம். உயர் டிகிரிகளுக்குத் தகவல் வருவது நிலத்திலும் கப்பலிலும் விமானத்திலும் எடுத்த அளவீடுகளிலிருந்தும், கடல்மேல் செயற்கைக்கோள் உயரமானிகளிலிருந்தும்தான். ஈர்ப்பை அளக்கும் அலகு மில்லிகால். இன்றைய நில ஈர்ப்புமானி அதில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே படிக்கும். ஆனால் அந்த இடத்தின் உயரத்தில் ஒரு மீட்டர் தவறினால் 0.31 மில்லிகால் போய்விடும். பழைய அளவீடுகளில் உயரத்தைக் காற்றழுத்தமானியால் எடுத்த இடங்களில் சில மீட்டர் தவறு சாதாரணம். கப்பலில், கிழக்கு மேற்குத் திசையில் வேகத்தை ஒரு நாட் (கப்பல் வேகத்தின் அலகு) தவறாகக் குறித்தால், நிலநடுக்கோட்டில் 7.5 மில்லிகால் பிழை. செயற்கைக்கோள் வழிசெலுத்தலுக்கு முந்தைய கப்பல் பதிவுகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் பொருந்தாமல் போனதற்குப் பெரும் காரணம் இது.

இவற்றில் எது ஆபத்து? தற்செயல் பிழை அல்ல. ஓர் இடத்துக்கு 3 மில்லிகால் தற்செயல் பிழை இருந்தாலும், 400 இடங்களைச் சேர்த்தால் 0.15 ஆகச் சுருங்கும். ஆபத்து, ஒரு சர்வே முழுவதையும் ஒரே பக்கம் தள்ளும் பிழை. 100 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டாரத்தின் ஈர்ப்பு மதிப்புகள் அனைத்தும் 1 மில்லிகால் மட்டும் கூடுதலாக இருந்தால், நடுவில் ஜியாய்டு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் எழும்பிவிடும். எத்தனை ஆயிரம் இடங்களில் அளந்தாலும் அது குறையாது. பழைய போட்ஸ்டாம் ஈர்ப்பு அடிப்படை உண்மையைவிட 14 மில்லிகால் கூடுதல் என்று தெரிந்து, 1971-இன் பன்னாட்டு ஈர்ப்பு வலையமைப்பில் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தைப் போட்ட கோப்பும் போடாத கோப்பும் கலந்தால் 14 மில்லிகால் என்பதால் உடனே கண்ணில் படும். அரை மில்லிகால் தள்ளல் படாது. அதைப் பிடிக்க ஒரே வழி, தரைத் தரவின் நீண்ட அலைப் பகுதியைக் கோசே, கிரேஸ் மாதிரியோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு வட்டாரவாரியாகப் பிழை எண் ஏற்றுவது. உலகம் முழுக்கத் தரைத் தரவுக்கு ஒரே திட்டவிலக்கம் எழுதுவது என் கருத்தில் சோம்பேறித்தனம்.

வெவ்வேறு வகைத் தரவுகளைச் சேர்க்கும்போது எதற்கு எவ்வளவு எடை? ஒவ்வொரு வகையின் எச்ச வர்க்கங்களைக் கூட்டி, அந்த வகை தீர்வுக்குக் கொடுத்த தகவலைக் கழித்தபின் மிஞ்சும் அளவீட்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவது அந்த வகையின் உண்மையான பரவல். அதை வைத்து எடையை மாற்றி மறுபடி தீர்க்க வேண்டும். சில சுற்றுகளில் நிலைக்கு வந்துவிடும். ஒட்டுறவை மறந்துவிட்ட வகை இங்கேயும் தன்னை யோக்கியனாகக் காட்டிக்கொண்டு கூடுதல் எடை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

குணகங்களின் பிழை கிடைத்தாயிற்று. நமக்கு வேண்டியதோ ஓர் ஊரில் ஜியாய்டின் பிழை. அதற்கு முழு உடன்மாறுபாட்டு அணியும் வேண்டும். டிகிரி 200 வரை 40,401 குணகங்கள். அணியின் பாதி ஆறரை கிகாபைட், இன்றைய கணினிக்குப் பெரிதல்ல. 2008-இல் அமெரிக்காவின் தேசியப் புவிவெளி உளவு முகமை வெளியிட்ட இ.ஜி.எம். 2008 மாதிரியில் டிகிரி 2159 வரை 46 லட்சத்து 65 ஆயிரம் குணகங்கள். அணியின் பாதியைச் சேமிக்கவே 87 டெராபைட் வேண்டும். ஆகவே அவர்கள் உயர் டிகிரிகளில் அணியைத் துண்டுகளாக எளிமைப்படுத்தித் தீர்த்தார்கள். ஊர்வாரிப் பிழையை, தரவின் பிழை வரைபடத்திலிருந்து நேரடியாகக் கணக்கிட்டுத் தனியே வெளியிட்டார்கள். குணகங்களின் திட்டவிலக்கத்தை மட்டும் வைத்துப் பிழை வரைபடம் போட்டால் இமயத்துக்கும் ஐரோப்பியச் சமவெளிக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அந்தத் தனி வரைபடத்தில் பளிச்சென்று தெரியும்.

ஒட்டுறவு நமக்குச் சாதகமாகவும் வரும். பக்கத்து இரண்டு ஊர்களில் ஜியாய்டுப் பிழை தலா 4 சென்டிமீட்டர், ஒட்டுறவு 0.9 என்றால், இரண்டுக்கும் இடையேயான உயர வித்தியாசத்தின் பிழை 1.8 சென்டிமீட்டர் மட்டுமே. ஒட்டுறவை விட்டுவிட்டால் 5.7 என்று வரும். கால்வாய் வெட்டுபவருக்கு வேண்டியது இந்த வித்தியாசம்தான்.

மாதிரியில் இல்லாத நுண் அலைகளின் பங்கை இதனோடு சேர்க்க வேண்டும். கௌலா விதியைக் கூட்டிப் பார்த்தால், 64 மீட்டரை மாதிரியின் உச்ச டிகிரியால் வகுத்தது விடுபட்ட பகுதியின் அளவு. டிகிரி 200-இல் 32 சென்டிமீட்டர், 360-இல் 18, 2160-இல் 3. இது உலகச் சராசரி. மலையில் அதிகம், சமவெளியில் குறைவு. கோசேயின் இரண்டு சென்டிமீட்டரைக் கேட்டு மகிழ்ந்து, தன் ஊர் உயரத்தில் 30 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்ததும் மாதிரியைத் திட்டுபவர்கள் மறப்பது இதைத்தான்.

சரி, வந்த பிழை எண் உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பது? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்; இங்கே பானையை இரண்டாகப் பிரித்துச் சமைத்துப் பார்க்கிறோம். தரவைப் பாதியாக்கி இரண்டு தீர்வுகள் எடுத்தால், அவற்றின் வேறுபாடு இரண்டின் பிழை அணிகளின் கூட்டுத்தொகை சொல்லும் அளவுக்கு இருக்கவேண்டும். அதைவிட அதிகமென்றால் அந்த விகிதத்தால் பிழை எண்ணைப் பெருக்க வேண்டும், அதுவும் டிகிரிவாரியாக. நாசாவின் கோடார்ட் மையத்தில் லெர்ச்சும் அவர் குழுவினரும் செய்த அளவுத்திருத்தம் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் இரண்டு பானைக்கும் ஒரே ஓத மாதிரியை ஊற்றியிருந்தால், அதன் தவறு கழித்தலில் காணாமல் போகும். ஆகவே இந்தச் சோதனை தருவது கீழ்வரம்பு. வெவ்வேறு மையங்களின் தீர்வுகளை ஒப்பிடும்போதும் இதே கதை. எல்லோரும் ஒரே கோளின் தரவைத்தான் தின்கிறார்கள்.

வெளிச் சோதனைக்கு ஜி.பி.எஸ்.-லெவலிங் இடங்கள் உண்டு. லெவலிங் என்பது கடல்மட்டத்திலிருந்து தொடங்கி நிலத்தின்மேல் படிப்படியாக உயரத்தை அளந்துகொண்டு போவது. பெஞ்ச் மார்க்கில், அதாவது அப்படி உயரம் அளந்து குறித்துவைத்த இடத்தில், ஜி.பி.எஸ். வைத்து எடுத்த உயரத்திலிருந்து லெவலிங் உயரத்தைக் கழித்தால் ஜியாய்டு வரும். அதை மாதிரியோடு ஒப்பிடும்போது வேறுபாட்டின் பரவல் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் மாதிரியின் தலையில் கட்டக்கூடாது. ஜி.பி.எஸ். 2, லெவலிங் 4, விடுபட்ட அலை 3 சென்டிமீட்டர் என்றால், வர்க்கங்களைக் கழித்தபின் மாதிரிக்கு 8.4 மிஞ்சும். லெவலிங் பிழை தூரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். கிலோமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் என்றால் 400 கிலோமீட்டரில் 4 சென்டிமீட்டர்.

இந்தியாவில் இன்னும் ஒரு முடிச்சு. 1909-இல் சரிக்கட்டப்பட்ட லெவலிங் வலையில் நாகப்பட்டினம், சென்னை, கொச்சி உட்பட ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தையும் பூஜ்யம் என்று வைத்துப் பூட்டினார்கள். அந்த ஒன்பது மட்டங்களும் ஒரே ஈர்ப்பு மட்டத்தில் இல்லை. ஆகவே பழைய உயரங்களோடு ஒப்பிட்டால் மாதிரியில் இல்லாத சாய்வு ஒன்று வேறுபாட்டில் தெரியும். அந்தச் சாய்வை ஒரு தளம் பொருத்திக் கழித்துவிட்டு, பொருத்தம் அருமை என்று அறிவிப்பதும் தவறு. மாதிரியின் நீண்ட அலைப் பிழையையும் அந்தத் தளம் சேர்த்து விழுங்கிவிடும்.

கடைசியாக, எந்தத் திட்டவிலக்கத்திலும் அடங்காத இரண்டு விஷயங்கள். சந்திர சூரியரின் நிரந்தர இழுப்பை மாதிரி முழுவதும் நீக்கியிருக்கிறதா, வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து நிலநடுக்கோட்டில் ஜியாய்டு சுமார் 13 சென்டிமீட்டர் மாறும். ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணித உருண்டைக்கு உயரம் எடுக்கும்போது இ.ஜி.எம். 2008-க்குச் சேர்க்கவேண்டிய பூஜ்ய டிகிரித் திருத்தம், அதாவது எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகச் சேர்க்கும் திருத்தம், கழித்தல் 41 சென்டிமீட்டர். அதற்கு முந்தைய 1996-ஆம் ஆண்டு மாதிரிக்கு கழித்தல் 53. இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டு ஒரே அளவில் சீராகப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால், பிழைக் கணக்கைத் தொடுவதற்கு முன் கோப்பின் தலைப்பகுதியில் ஓத முறை எது என்று சொல்லும் வரியையும், மென்பொருளில் பூஜ்ய டிகிரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வணக்கம்.